முன்வாசல் சாத்தியிருந்தால் உப்பு எப்படி உள்ளே போகும்?

2025 வைகாசியில் பெரியப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். கானாடுகாத்தானுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் வீடு, வருஷத்தில் பத்து மாதம் பூட்டியே கிடக்கும், அன்றைக்கு அதற்குள் நூற்றைம்பது பேர். வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம், கும்மாயம், மறுநாள் உப்புக்கறி என்று இரண்டு நாளும் பந்தி ஓயவில்லை. மூன்றாம் நாள் விடிகாலை அண்ணன் பையனுக்கு வயிறு போக ஆரம்பித்தது. ஆறு வயது. ஒன்பது மணிக்குள் எட்டுத் தடவை. வெளியில் வாங்கிக் கொடுத்த ஐஸ்தான் காரணம் என்றார் சமையல்காரர், கிணற்றுத் தண்ணீர் என்றார் சித்தப்பா, பட்டணத்துப் பிள்ளைக்கு ஊர்ச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள் மற்ற எல்லோரும்.

அண்ணி செம்பும் கையுமாக உட்கார்ந்து வெறும் தண்ணீரைக் கொடுத்துக்கொண்டிருந்தார். எண்பத்தாறு வயது அப்பத்தா இரண்டாங்கட்டிலிருந்து மெதுவாக நடந்து வந்து பார்த்துவிட்டுச் சொன்னது: "வெறுந்தண்ணிய ஊத்திக்கிட்டே இருந்தா அது பாட்டுக்கு வெளிய போகும் ஆத்தா. கஞ்சிய வடிச்சு உப்புப் போட்டுக் குடு."

அண்ணன் அதற்குள் பைக்கை எடுத்துக்கொண்டு போய் மருந்துக்கடையில் கேட்டு ஒரு அட்டை டப்பா பானம் வாங்கி வந்துவிட்டான். முன்பக்கம் பெரிய எழுத்தில் ஓ.ஆர்.எஸ். (வயிறு போனால் கொடுக்கிற உப்பு, சர்க்கரைக் கரைசலின் பெயர்), ஆரஞ்சுப் படம். நான் வேதியியல் வாத்தியார், எதை வாங்கினாலும் பின்பக்கத்தைத்தான் முதலில் படிப்பேன். லிட்டருக்குக் கணக்குப் போட்டால் சர்க்கரை நூறு கிராமைத் தொட்டது. உலக சுகாதார நிறுவனம் 2002இல் மாற்றியமைத்த அளவில் ஒரு லிட்டருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம்தான், சாப்பாட்டு உப்பு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம். டப்பாவை ஓரமாக வைத்துவிட்டு, திரும்பப் போய் உலக சுகாதார நிறுவன அளவு என்று போட்ட பொடிப் பாக்கெட்டைக் கேட்டு வாங்கி வரச் சொன்னேன். அவன் முறைத்தான். முறைக்கட்டும். (சில மாதம் கழித்து, அக்டோபரில், அந்த அளவுக்கு வராத பானங்களின் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்ற சொல்லே இருக்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டது. அந்தச் செய்தியை அண்ணனுக்கு அனுப்பிவைத்தேன். பதில் இல்லை.)

அன்றைக்கு மத்தியானம் பொடி கரைத்ததும் கஞ்சி வடித்ததுமாகப் போனது போக மிச்ச நேரத்தில் அண்ணிக்கு நான் சொன்ன கதையைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "தண்ணிதானே போகுது, தண்ணி குடுத்தா என்ன தப்பு?"

தப்பு என்னவென்றால், தண்ணீரைப் பிடித்து இழுக்கிற பம்ப் என்று ஒன்று உடம்பில் எங்கேயுமே கிடையாது. உப்பு எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் தண்ணீர் பின்னாலேயே போகும், அவ்வளவுதான் அதற்குத் தெரியும். ஒரு நாளைக்கு நம் குடலுக்குள் இறங்குகிற திரவம் ஏறக்குறைய 9 லிட்டர். குடிப்பது அதில் 2 லிட்டர்தான். மீதி எச்சில், இரைப்பை அமிலம், பித்தநீர், கணையநீர், குடலே சுரப்பது. இவ்வளவும் இறங்கி, கடைசியில் மலத்தோடு வெளியே போவது நூறு, இருநூறு மில்லி. நடுவில் காணாமல் போன எட்டே முக்கால் லிட்டரும் உப்பின் பின்னால் நடந்து திரும்ப ரத்தத்துக்குப் போனவை. அதற்காகக் குடல் தினமும் உறிஞ்சியெடுக்கிற சோடியம் 25 முதல் 35 கிராம், அதில் பெரும்பங்கு நாமே சுரந்து நாமே திரும்ப எடுத்துக்கொள்வது. குடம் குடமாக இறைத்து முற்றத்தில் ஊற்றி அதே தண்ணீரைத் திரும்பக் கிணற்றுக்கு அனுப்புகிற வேலை.

எங்கள் வீட்டை வைத்தே சொன்னேன். இந்தப் பக்கத்துப் பழைய வீடுகள் ஒரு தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் முடியும். முகப்பு வழியாக நுழைந்தால் வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி எல்லாம் தாண்டிப் பின்வாசல் வழியாக அடுத்த தெருவில் இறங்கலாம். குடலின் உட்பரப்பில் இருக்கிற ஒவ்வொரு செல்லும் அப்படி ஒரு வீடு. முகப்பு குடலுக்குள் நாம் தின்றது ஓடுகிற தெருவைப் பார்த்தது, பின்வாசல் ரத்தம் ஓடுகிற தெருவைப் பார்த்தது. பக்கத்து வீட்டோடு சுவர் ஒட்டியிருக்கும்.

பின்வாசலில் ஒரு ஆள் ஓயாமல் வேலை பார்க்கிறார். மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுத்துப் போட்டு, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு ஏ.டி.பி. மூலக்கூறை, அதாவது செல்லின் எரிபொருளை, செலவழிப்பார். 1957இல் டென்மார்க்கில் ஜென்ஸ் ஸ்கூ என்பவர் நண்டு நரம்பில் இந்தப் பம்பைக் கண்டுபிடித்தார், நாற்பது வருஷம் கழித்து 1997இல் அதற்கு வேதியியல் நோபல் கொடுத்தார்கள். இந்த ஆள் இப்படித் தள்ளிக்கொண்டே இருப்பதால் வீட்டுக்குள் சோடியம் எப்போதும் தட்டுப்பாடுதான், வெளியே இருப்பதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. ஆகவே முகப்பில் எந்தக் கதவைத் திறந்தாலும் சோடியம் தானாகவே உள்ளே பாயும். முகப்பில் யாரும் காசு செலவழிக்க வேண்டியதில்லை, பின்வாசலில் கொடுத்த கூலியே போதும்.

முகப்பில் இருக்கிற பெரிய கதவுக்கு என்.எச்.இ.3 என்று பெயர். சோடியம் ஹைட்ரஜன் மாற்றி, மூன்றாம் வகை. ஒரு சோடியம் உள்ளே வர வேண்டுமானால் ஒரு புரோட்டான், அதாவது ஒரு ஹைட்ரஜன் அயனி, வெளியே போக வேண்டும். ஒன்றுக்கு ஒன்று. இதே குடும்பத்தில் முதல் வகை கிட்டத்தட்ட எல்லாச் செல்லிலும் இருந்து உள்ளே அமிலம் சேராமல் பார்த்துக்கொள்வது, குடலில் அது பின்வாசல் பக்கம். மூன்றாவதுதான் முகப்பு.

இங்கே எனக்குள் இருக்கிற பழைய சிக்ரி ஆள் தலைநீட்டுகிறான், பொறுத்துக்கொள்ளுங்கள். காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்தை எங்கள் பக்கத்தில் சிக்ரி என்போம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து, 1948இல் நேரு அடிக்கல் நாட்டினது. அங்கே இரண்டு வருஷம் புராஜெக்ட் ஆளாக இருந்தபோது என் வேலை பெரும்பாலும் பி.எச். மீட்டரும் கண்ணாடி மின்முனையும்தான். அயனி ஓடினால் மின்னோட்டம் வரும், அதை அளந்தால் ஓட்டம் தெரியும் என்றே பழகிய கைக்கு இந்தக் கதவு ஒரு ஏமாற்று வேலை. ஒரு நேர்மின் அயனி உள்ளே, ஒரு நேர்மின் அயனி வெளியே, மொத்த மின்சுமை பூஜ்யம். மீட்டர் முள் அசையாது. குடல் சவ்வின் இரண்டு பக்கமும் மின்முனையை வைத்து அளந்தவர்களுக்கு இந்த ஓட்டம் மின்னோட்டமாகத் தெரியவே தெரியாது.

1976இல் முரர், ஹோப்ஃபர், கின்னே மூன்று பேரும் பிடித்த வழி எனக்கு ரொம்பப் பிடிக்கும். எலியின் குடலிலிருந்தும் சிறுநீரகத்திலிருந்தும் அந்த முகப்புச் சவ்வை மட்டும் பிரித்தெடுத்தார்கள். பிரித்த சவ்வு தானாகவே சின்னச் சின்னப் பைகளாக மூடிக்கொள்ளும். அந்தப் பைகள் மிதக்கிற கரைசலில் மின்முனையை வைத்துவிட்டுத் திடீரென்று சோடியம் உப்பைப் போட்டார்கள். கரைசல் அமிலமானது. சோடியம் பைக்குள் நுழைய, உள்ளே இருந்த புரோட்டான் வெளியே வந்திருக்கிறது. சோடியத்துக்குப் பதிலாகக் கோலின் உப்பைப் போட்டால் ஒன்றும் நடக்கவில்லை. டிட்டர்ஜென்டைப் போட்டுப் பைகளை உடைத்தால் அந்த அமிலமும் இல்லை. ஒரு பீக்கர், ஒரு மின்முனை, ஒரு சிட்டிகை உப்பு. என் மாணவர்களுக்கு வருஷா வருஷம் இதைச் சொல்கிறேன், வருஷா வருஷம் தேர்வில் வருமா என்று கேட்கிறார்கள்.

சரி, புரோட்டான் எங்கிருந்து வருகிறது? செல்லுக்குள் கார்பன் டை ஆக்சைடும் தண்ணீரும் சேர்ந்து ஒரு புரோட்டானும் ஒரு பைகார்பனேட்டும் ஆகும், நம் கோலி சோடாவுக்குள் நடப்பதேதான், இங்கே ஒரு நொதி அதை வேகப்படுத்துகிறது. புரோட்டான் என்.எச்.இ.3 வழியாக வெளியே போய்ச் சோடியம் உள்ளே வரும். பக்கத்திலேயே இன்னொரு கதவு, அதில் பைகார்பனேட் போய்க் குளோரைடு உள்ளே வரும். வெளியே போன புரோட்டானும் பைகார்பனேட்டும் சேர்ந்து திரும்பக் கார்பன் டை ஆக்சைடும் தண்ணீரும் ஆகிவிடும். கூட்டிக் கழித்தால் சோடியம் குளோரைடு, நம் சாப்பாட்டு உப்பு, வீட்டுக்குள் வந்திருக்கிறது. மார்க்கம் ரொம்பச் சுற்று, ஆனால் கணக்கு ஒரு பைசா பிசகாது. போதாததற்கு, வெளியே போன புரோட்டானில் ஒரு பகுதி குடல் பரப்பை ஒட்டி மெல்லிய அமிலப் படலமாக நின்று, இறைச்சியும் பருப்பும் செரித்து வருகிற சின்னப் புரதத் துணுக்குகளைக் கூட்டிக்கொண்டு வேறொரு கதவு வழியாகத் திரும்ப உள்ளே வருகிறது. முந்தின நாள் உப்புக்கறியில் பாதி அப்படித்தான் உள்ளே போயிருக்கும்.

இந்தக் கதவு எப்போதும் ஒரே அளவில் திறந்திருந்தால் கதை இத்தோடு முடிந்திருக்கும். திறப்பதும் சாத்துவதும்தான் விஷயமே. செல்லுக்குள் அமிலம் கூடினால் மாற்றி வேகமெடுக்கும், அது அதன் பிறவிக் குணம். அதற்கு மேல், செல் இந்தப் புரதங்களில் ஒரு பகுதியை முகப்பில் நிறுத்தாமல் உள்ளே பைகளில் மடித்து வைத்திருக்கிறது, கல்யாணத்துக்கு மட்டும் எடுக்கிற ஜமக்காளம் மாதிரி. தேவைப்பட்டால் எடுத்து முகப்பில் விரிக்கும், வேண்டாமென்றால் சுருட்டி உள்ளே வைத்துவிடும். சுருட்டச் சொல்லும் ஆணைகளில் முக்கியமானது சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற சிறு மூலக்கூறு. அது கூடினால் ஒரு நொதி விழித்துக்கொண்டு என்.எச்.இ.3இன் வால்பகுதியில் பாஸ்பேட் முத்திரைகளைக் குத்தும், வேகம் குறையும், அப்புறம் கதவே முகப்பிலிருந்து எடுபட்டுவிடும். இந்த முத்திரை குத்துபவரையும் கதவையும் பக்கத்தில் பக்கத்தில் கட்டிவைக்கிற துணைப் புரதங்கள் தனியாக உண்டு. ஜான்ஸ் ஹாப்கின்ஸில் மார்க் டோனோவிட்ஸ் மாதிரி ஆட்கள் பல பத்தாண்டுகளாக இந்தக் கட்டுமானத்தைத்தான் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கால்சியம், சைக்ளிக் ஜி.எம்.பி. என்று சாத்தச் சொல்பவை இன்னும் உண்டு. ஸ்டீராய்டு ஹார்மோன்கள் எதிர்ப்பக்கம், அவை கதவின் எண்ணிக்கையையே கூட்டும்.

குடல் எதற்காகத் தன் கதவைத் தானே சாத்த வேண்டும்? சாப்பிட உட்கார்ந்த கொஞ்ச நேரத்துக்கு இந்தக் கதவுகள் அடங்கி இருப்பதுதான் முறை என்கிறார்கள். செரிமான நீர்களெல்லாம் கொட்டி, சோறும் குழம்பும் கூழாகிப் பரப்பெங்கும் பரவத் தண்ணீர் வேண்டும், அந்த நேரத்தில் உப்பையும் தண்ணீரையும் உறிஞ்சிவிட்டால் உள்ளே கட்டி தட்டும். வேலை முடிந்ததும் கதவுகள் முழுசாகத் திறந்து விட்டதையெல்லாம் வாரியெடுக்கும். பந்தி நடக்கும்போது தரையைத் துடைக்க மாட்டோம், இலை எடுத்த பிறகுதான் துடைப்போம், அந்த மாதிரி. வாந்திபேதிக் கிருமி செய்வது புதிதாக எதையும் கண்டுபிடிப்பதல்ல என்பது எனக்கு இங்கேதான் உறைத்தது. ஒவ்வொரு வேளையும் அரைமணி, ஒருமணி நடக்கிற இந்தச் சாத்தலை நிரந்தரமாக்கிவிடுகிறது, அவ்வளவே.

1959இல் கல்கத்தாவில் சம்புநாத் டே முயல் குடலை நூலால் கட்டிப் பிரித்து, காலரா கிருமி வளர்ந்த திரவத்தைக் கிருமி இல்லாமல் வடிகட்டி உள்ளே செலுத்திப் பார்த்து, குடலில் தண்ணீரை ஊறவைப்பது கிருமி விடுகிற நஞ்சு என்று காட்டினார். அந்த நஞ்சு செல்லுக்குள் ஒரு சுவிட்சைப் போட்ட நிலையிலேயே இறுக்கிவிடும், சைக்ளிக் ஏ.எம்.பி. ஏறிக்கொண்டே போகும். என்.எச்.இ.3 சாத்திக்கொள்ளும். அது மட்டுமென்றால் பரவாயில்லை, குளோரைடை வெளியே விடுகிற வேறொரு மடையும் திறந்துகொள்ளும், பின்னாலேயே சோடியமும் தண்ணீரும் தெருவில் ஓடும். வருகிற வழி அடைப்பு, போகிற வழி திறப்பு. இந்த நிலையில் வெறும் தண்ணீர் கொடுத்தால் உறிஞ்ச ஆள் இல்லை, கொஞ்சம் உறிஞ்சினாலும் ரத்தத்தில் உப்பு இன்னும் நீர்த்துப் போகும். அண்ணி கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். (எங்கள் பையனுக்குக் காலரா ஒன்றுமில்லை. சாதாரண வயிற்றுப்போக்கிலும் பல கிருமிகள் இதே கதவுகளைத்தான் வேறு வேறு பக்கமாக ஆட்டுகின்றன.)

ஆனால் முகப்பில் இன்னொரு சின்னக் கதவு இருக்கிறது. ஒரு குளுக்கோசும் இரண்டு சோடியமும் கைகோத்து வந்தால் மட்டும் திறக்கும். 1960இல் பிராகில் நடந்த கூட்டத்தில் ராபர்ட் கிரேன் இப்படி ஒரு ஜோடிப் பயணம் இருக்க வேண்டும் என்று வரைந்து காட்டினார், 1987இல் எர்னெஸ்ட் ரைட் குழு அந்தக் கதவின் மரபணுவையே பிரித்தெடுத்தது. காலரா நஞ்சு எவ்வளவு ஆட்டினாலும் இந்தக் கதவு அசைவதில்லை. எனவே உப்போடு சர்க்கரை வந்தால் சோடியம் நுழையும், சோடியம் நுழைந்தால் தண்ணீர் நுழையும். குளுக்கோஸ் உள்ளே போகிற சுவட்டைப் பிடித்துச் செல் தன் உள்பைகளிலிருக்கிற என்.எச்.இ.3யையும் முகப்புக்கு அனுப்பும் என்பது பிற்பாடு தெரிந்தது.

1971இல் வங்க எல்லையில் பொங்காவ் அகதி முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோனபோது திலீப் மகலனாபிஸ் உப்பையும் குளுக்கோசையும் பொட்டலம் கட்டிப் பீப்பாயில் கரைத்து, நோயாளிகளின் சொந்தக்காரர்கள் கையிலேயே கோப்பையைக் கொடுத்தார். முப்பது சதவீதம் வரை இருந்த சாவு நான்கு சதவீதத்துக்குக் கீழே வந்தது. 2022இல் அவர் இறந்த பிறகு, 2023இல் பத்ம விபூஷண் கொடுத்தார்கள். இருக்கும்போது கொடுத்திருக்கலாம்.

சர்க்கரை நல்லதென்றால் நூறு கிராம் இன்னும் நல்லதுதானே என்றான் அண்ணன், டப்பாவை விட மனசில்லாமல். இல்லை. அந்தக் கதவுக்கு ஒரு கணக்கு உண்டு, இரண்டாவதாக வாங்கி வந்த பொடியைக் கலந்த 2002 கரைசலில் சோடியமும் குளுக்கோசும் லிட்டருக்குச் சரிக்குச் சரி 75 மில்லிமோல். கரைந்தவை எல்லாம் சேர்ந்த மொத்த அடர்த்தி லிட்டருக்கு 245 மில்லியாஸ்மோல், ரத்தத்தைவிடக் கொஞ்சம் நீர்த்தது, அதனால் தண்ணீர் ரத்தத்தின் பக்கம் சாயும். சர்க்கரை ஏறிப்போனால் சாய்வு திரும்பிவிடும், ரத்தத்திலிருந்து குடலுக்குத் தண்ணீர் இறங்கும். வயிறு போகிற பிள்ளைக்கு இன்னும் போகும்.

கஞ்சிக்கு வருகிறேன். அப்பத்தா அடுப்படிக்குப் போய், வடித்த கஞ்சியை ஆற்றி, உப்பு ஜாடிக்குள் கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றும் சேர்த்து ஒரு சிட்டிகை எடுத்தது. போட்டுக் கலக்கி உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்தது. கூடவே நானும். கண்ணீரைவிடக் கரிக்கக் கூடாது என்று சுகாதாரப் பணியாளர்கள் சொல்வார்கள், அந்த அளவில்தான் இருந்தது. பங்களாதேஷில் 1980 வாக்கில் வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொடுத்ததும் இதே மூன்று விரல் உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். அரிசி மாவுச்சத்து குடலில் மெதுவாகக் குளுக்கோசாக உடைவதால் கஞ்சியிலும் அந்தச் சின்னக் கதவு திறக்கும், அடர்த்தியும் ஏறாது. நம் வேலூரில் ராமகிருஷ்ணா குழு 2000இல் இன்னும் ஒரு படி போனார்கள். செரிக்காமல் பெருங்குடல் வரை போய்ச் சேருகிற மக்காச்சோள மாவுச்சத்தை ஓ.ஆர்.எஸ்.ஸில் கலந்து காலரா நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். அங்கிருக்கும் பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைத்துச் சிறு கொழுப்பு அமிலங்களாக்கும், அவை பெருங்குடலில் சோடியம் மாற்றிகளை முடுக்கிவிடும். பேதி குறைந்தது, சீக்கிரமும் நின்றது. ஆறிய சோற்றிலும் இந்த வகை மாவுச்சத்து கொஞ்சம் உண்டு. அதற்காகப் பழைய சோற்றை மருந்து என்று வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள், நான் அப்படிச் சொல்லவில்லை.

கதவை வேண்டுமென்றே சாத்துகிற மருந்தும் வந்துவிட்டது. டெனாபனார் என்று பெயர், ரத்தத்தில் அநேகமாகக் கலக்காமல் குடலுக்குள்ளேயே நின்று என்.எச்.இ.3யை அடைக்கும். 2019இல் மலச்சிக்கலோடு வருகிற குடல் கோளாறுக்கு அமெரிக்காவில் அனுமதித்தார்கள், 2023இல் டயாலிசிஸ் நோயாளிகளுக்கு ரத்தத்தில் பாஸ்பேட்டைக் குறைக்கவும். பிறவியிலேயே இந்த மரபணு பழுதான குழந்தைகளுக்குப் பிறந்த நாளிலிருந்தே சோடியம் மிகுந்த பேதி, அது அரிது. எலிகளில் இந்த மரபணுவை எடுத்துப் பார்த்தபோதும் பேதிதான்.

பதினோரு மணிக்கு டாக்டரிடமும் காட்டினோம். ஓ.ஆர்.எஸ். தொடரச் சொல்லி, 20 மில்லிகிராம் துத்தநாக மாத்திரை பதினான்கு நாள் எழுதிக்கொடுத்தார். ஓ.ஆர்.எஸ். பேதியை நிறுத்தாது, போனதை ஈடுகட்டும், அதனால் இன்னும் போகிறதே என்று பயந்து நிறுத்திவிடாதீர்கள் என்று அண்ணியிடம் இரண்டு தடவை சொன்னார். ஒரு தடவை ஸ்பூனில் கொடுத்தது வாந்தியாக வந்துவிட்டது, பத்து நிமிஷம் விட்டுத் திரும்ப ஆரம்பித்தார் அண்ணி. ஸ்பூன் ஸ்பூனாக, ஒரு நிமிஷத்துக்கு ஒன்று. வளவில் தூணில் சாய்ந்து உட்கார்ந்து நான் எண்ணிக்கொண்டிருந்தேன், நாற்பதுக்கு மேல் எண்ணிக்கை தப்பிவிட்டது. கல்யாணத்துக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, ஆளுக்கொரு வைத்தியம் சொல்லிவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார்கள்.

நாலரை மணிக்குப் பையன் எழுந்து தானாகவே பின்கட்டுக்கு நடந்தான். அண்ணி பதறிப் பின்னால் ஓட, அவன் சுவர் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, "ம்மா, ஒண்ணுக்குத்தான்" என்றான். காலையிலிருந்து அதுதான் முதல் தடவை. அடுப்படி வாசலில் உட்கார்ந்திருந்த அப்பத்தா சத்தத்தைக் கேட்டுவிட்டு, "போயிட்டான்ல, அப்புறம் என்ன. கஞ்சிப் பானைய மூடி வை, ராத்திரிக்கும் வேணும்" என்று சொல்லிவிட்டு வெற்றிலைப் பெட்டியைத் திறந்தது.